பதினோரு நாள் ஆப்சென்ட்

டெப்போவில் டைம் கீப்பர் மேஜைமேல் இருந்த போன் அடித்தபோது, டிரைவர் ரிவர்ஸ் கையில் டீ கிளாஸோடு மூன்றாவது முறையாகத் தன் பஸ்ஸைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டயரில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்குச் சும்மா நிற்க வராது, அவ்வளவுதான்.

"உனக்குத்தாம்ப்பா. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து," என்றார் டைம் கீப்பர்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டே பேசுகிற குரல். "மூணாம் வகுப்பு பி பிரிவு. உங்க பொண்ணு பதினோரு நாளா ஸ்கூலுக்கு வரலை. லீவ் லெட்டரும் இல்லை. இப்படியே போனா பேரை எடுத்துடுவாங்க, வந்து பாருங்க."

"வரலையா? நான்தானேம்மா தினம் கொண்டுவந்து விடறேன்."

"ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட்னுதான் இருக்கு சார்."

பேச்சு அதோடு முடிந்தது. ரிவர்ஸ் போனை வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அன்று காலையும் ஒன்பது மணி டிரிப்பில் மகளை இறக்கிவிட்டிருந்தார். ஸ்டாப் பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறது. கண்டக்டர் இறங்கி, அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்து, கேட்டுக்குள் போகிறவரை பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. கேட்டுக்குள் போகிறவள் அப்புறம் எங்கே போகிறாள்?

"அண்ணே, பதினொண்ணு நாப்பது டிரிப்பு," என்றார் கண்டக்டர்.

"ஸ்பேர் டிரைவரை ஏத்திக்கோ."

"என்னன்னு சொல்லி ஏத்தறது?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. டெப்போ கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

ரிவர்ஸ் என்ற பட்டப்பெயர் பஸ் ஓட்டுவதால் வந்ததில்லை. நீலச் சட்டை வாங்கிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பழுப்புச் சட்டையாக மாற்றிக்கொண்டு வருகிற ஆள் அவர். வயது நாற்பத்தொன்று. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வீடு மாறியாயிற்று. லாரியில் கிளீனராக இருந்தார், தண்ணீர் லாரி ஓட்டினார், ஒன்றரை வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஆம்புலன்ஸை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அதுல அவசரம் எல்லாம் அடுத்தவங்களோடது" என்பார். கடைசியில் பஸ்ஸில் ஒன்பது வருஷம் நிலைத்ததற்குக் காரணம், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஊர் மாறலாம் என்பதுதான் என்று மனைவி சொல்வார். "இந்த மனுஷன் தூக்கத்துலகூட கியர் மாத்தறாரு. கட்டில்ல படுத்தா எனக்கு டிக்கெட் எடுக்கணும்போல இருக்கு."

அவர் படித்தது இரண்டாயிரம் பிள்ளைகள் இருந்த ஒரு டவுன் பள்ளியில். ஒரு வருஷம் முழுக்க வாத்தியார் அவரைப் பக்கத்துப் பையன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். இவரும் எழுந்து நின்றார். "திட்டு அவன் பேர்ல விழும், அடி என் முதுகுல விழும். கணக்கு சரியாயிடும்ல" என்று அதை இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

மனைவிக்கு ஊர்ப்பக்கம் ஒரு தையல் கம்பெனியில் பட்டன் மெஷின் வேலை. அதற்காக அங்கே வீடு பிடித்தார்கள். வீட்டிலிருந்து இருநூறு அடி நடந்தால் அரசு ஆரம்பப் பள்ளி. இரண்டு அறை, ஐந்து வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள், பெரிய டீச்சர், சின்ன டீச்சர். ஒரே மகளை அங்கே சேர்த்தார்கள். உருண்டையாகப் பிறந்ததால் வீட்டில் அவள் பட்டாணி.

பட்டாணிக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்து வாசலில் சிக்கிக்கொள்ளும், வெளியே வர நேரமாகும். வீட்டில் அந்த நேரத்தை ரிவர்ஸ் கொடுத்ததில்லை. அவள் "த... த..." என்றால் இவர் "தண்ணியா?" என்று சொம்பை நீட்டிவிடுவார். அவள் கேட்க வந்தது தபால்காரரைப் பற்றியாக இருந்தாலும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவாள்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்புப்படி உட்காருவதில்லை. எது வருகிறதோ அதுபடி உட்காருவார்கள். பட்டாணி மூன்றாம் வகுப்பு. ஆனால் கணக்கு வேளையில் நான்காம் வகுப்புக் கூட்டத்துக்குப் போய்விடுவாள், வாசிப்பு வேளையில் இரண்டாம் வகுப்போடு உட்கார்ந்துகொள்வாள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்ப்பாட்டுக்கு ஒன்றாம் வகுப்போடு உட்காருவான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் நகர வேண்டிய பாடம் ஒன்றாவது இருந்தது. அவள் வாசிக்கும்போது ஒருவன் முந்திக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட, பக்கத்தில் இருந்த பெண் கேட்டாளாம், "அவ வார்த்தையை நீ ஏன் எடுக்கறே? உன்னுது இல்லையா?" அதற்குப் பிறகு அவள் வாசித்தால் அந்த அறை காத்திருக்கும். டீச்சர் போட்ட சட்டம் இல்லை அது.

காலையில் பெயர் கூப்பிடுவதும் வேறு மாதிரி. வராத பிள்ளைக்கு, அந்த வீட்டைத் தாண்டி வருகிற பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். "காய்ச்சல் டீச்சர், கம்பளி போத்திட்டு இருக்கா." "அத்தை வீட்டுக்குப் போயிட்டான் டீச்சர், திங்கக்கிழமை வருவான்." பதில் தெரியாவிட்டால் ஒன்பதரைக்குள் சின்ன டீச்சரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எதுவும் ஒளியாது.

ஏழாவதாக வீடு மாறலாம் என்று ரிவர்ஸ் ஆரம்பித்த அன்று சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் வாய் முற்றி, அவர் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மறுநாள் நாலு மணிக்கு, புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே பெரிய டீச்சர் வந்து நின்றார்.

"தம்பி, நேத்து வீட்ல ஏதாவது நடந்துதா? இன்னிக்குப் புள்ளைக்கு ஒரு எழுத்துகூட வாயில வரலை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை டீச்சர்."

"இருந்தா சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நாங்க நடந்துக்கறோம்."

பஸ்ஸில் அறுபது பேர். முன் சீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், பின்னால் யாரோ சிரித்தார்கள். ரிவர்ஸ் வண்டியை எடுத்த வேகத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"அது ஸ்கூலா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார்.

"அந்தம்மா கேட்டது தப்பா, நீங்க தட்டைப் போட்டது தப்பா?" என்றார் மனைவி.

ஒரு வாரத்தில் டவுன் பள்ளியில் இடம் வாங்கிவிட்டார். ஊருக்குச் சொன்ன காரணம் வேறு. "பொத்திப் பொத்தி வளர்க்கறாங்க. கூட்டத்துல பழகினா நாக்கு தானா திரும்பும்." கண்டக்டர் மட்டும் நம்பவில்லை. "கூட்டத்துல பழகி நாக்கு திரும்பறதுன்னா, நம்ம பஸ்ஸுல வர்றவன் எல்லாம் மேடைப் பேச்சாளர் ஆயிருக்கணுமேண்ணே."

டி.சி.யில் கையெழுத்துப் போடும்போது பெரிய டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னார். "வாசிக்கறப்ப அவசரப்படுத்த வேணாம்னு அங்க கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லிடுங்க தம்பி. அது ஒண்ணு போதும்." புதுப் பள்ளியில் சேர்க்கை வரிசையில் எண்பது பேர் நின்றார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் பிறந்த தேதியை மட்டும் கேட்டார். ரிவர்ஸுக்கு டிரிப்புக்கு நேரமாகிவிட்டது.

டெப்போவிலிருந்து ஓடிவந்து, மூச்சிரைக்க அவர் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. மூன்று மாடி. ஆயிரத்து நானூறு பிள்ளைகள். எல்லா அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரைச்சல் வந்தது, அதில் ஒரு குரல்கூடத் தனியாகப் பிரியவில்லை. பி பிரிவு டீச்சர் கதவருகே வந்தார். சின்ன வயது. சாக்பீஸ் தூள் முழங்கைவரை இருந்தது. பெயரைக் கேட்டதும் யோசித்தார்.

"முதல் மூணு நாலு நாள் வந்தா சார். வாசிக்கச் சொன்னேன், நின்னுட்டே இருந்தா. பிள்ளைங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதனால அடுத்தவளை வாசிக்கச் சொல்லிட்டேன். அப்புறம் அவ வரலை." கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். "பேச்சு திக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலை. அம்பத்திரண்டு பேர் சார், நாப்பது நிமிஷம்."

அவர்மேல் கோபப்பட ரிவர்ஸால் முடியவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, ஓடிவருகிற ஒருத்தரைக் கண்ணாடியில் பார்த்தும் நிறுத்தாமல் போகிற கணக்கு அவருக்குத் தெரியாததா?

தேட ஆரம்பித்தார். கழிப்பறைப் பக்கம் போனார். சைக்கிள் ஷெட்டைப் பார்த்தார். பின்பக்கக் கேட் பாதி திறந்து கிடந்தது. அதற்கு வெளியே மெயின் ரோடு, லாரிகள். அந்த ரோட்டில் தினமும் எட்டுத் தடவை ஓட்டுகிறவர், அன்றைக்குத்தான் அதன் அகலத்தைப் பார்த்தார். வாட்ச்மேன், "சின்னப் பிள்ளைங்க இந்தப் பக்கம் வராது சார்" என்றார். சொல்லும்போதே தலையைச் சொறிந்தார். ரிவர்ஸ் உள்ளே திரும்பி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினார். முதல் மாடி, இரண்டாவது மாடி, மறுபடி கீழே. எத்தனை தலைகள், எல்லாம் ஒரே சீருடை. தன் மகளைத் தாண்டி வந்துவிட்டோமோ, அடையாளம் தெரியாமல் போய்விட்டதோ என்று ஒருகணம் தோன்ற, பார்த்த ஜன்னலையே மறுபடி பார்த்தார்.

கடைசி அறை ஒன்றாம் வகுப்பு. சுவரோரம், கடைசி பெஞ்சில், முட்டி மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள் பட்டாணி. பக்கத்தில் ஒரு குட்டிப் பையன். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் விரல் வைத்து, எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது உங்க பொண்ணா?" என்றார் அந்த வகுப்பு டீச்சர். "அந்தப் பையன் ஒருநாள் அழுதுட்டே இருந்தான், இவ வந்து பக்கத்துல உக்காந்தா. அக்கா போலிருக்குன்னு நெனச்சேன். இவ இருந்தா அவன் அழறதில்லை. தொந்தரவும் பண்ணலை, விட்டுட்டேன்."

வெளியே வந்ததும் ரிவர்ஸ் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா இங்க வந்து உக்காந்தே?"

"இ... இங்கதான்ப்பா... மெ... மெ..."

மிச்சம் அவர் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மணி அடித்தது, அவர்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடினார்கள், ஒருவன் அவர் முதுகில் மோதிவிட்டுப் போனான்.

"...மெதுவா வாசிக்கறாங்க."

எங்கே படிக்க வருகிறதோ அங்கே போய் உட்கார வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து அவள் பார்த்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். இங்கே அதற்குப் பெயர் ஆப்சென்ட்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில் மகளோடு ஊருக்கு வந்தார். வழியெல்லாம் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெரிய டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக்குப் போனால் என்ன? மனைவியை அனுப்பினால் என்ன? பள்ளி வாசலில் இரண்டு தடவை நின்று இரண்டு தடவை திரும்பினார். மூன்றாவது தடவை பட்டாணி கையை உதறிக்கொண்டு தானே உள்ளே போய்விட்டாள். அவருக்கும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

பெரிய டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்து ஒன்றுதான் கேட்டார்.

"நான் சொன்னதை அங்க சொன்னீங்களா தம்பி?"

"சொல்லலை டீச்சர்." அப்புறம், நிறுத்த முடியாமல், "உங்கமேல இருந்த கோவத்துல கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு வீட்ல தட்டைத் தூக்கி அடிச்சது நான்தான்" என்றார்.

"தெரியும். டி.சி. கொண்டுவாங்க, அப்புறம்தான் பேர் எழுத முடியும். அதுவரைக்கும் அவ உக்காரட்டும், உக்கார்றதுக்கு என்ன பேப்பர்."

பிள்ளைகள் வாசிப்பை நிறுத்திவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க இருந்தே நீ?"

"மூணு வாரம் டவுன்ல."

"அவகிட்ட கேட்டா நீ ஏன் சொல்றே?"

"அங்க மாடி இருக்கா? எத்தனை மாடி?"

பட்டாணி மூன்று விரலைக் காட்டினாள். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தாள். "அ... அ..."

"அப்பா" என்று வரப்போகிறதோ என்று ரிவர்ஸ் பயந்தார். அப்பா செய்ததை இந்தப் பிள்ளைகள் முன்னால் சொல்லப்போகிறாளோ? குறுக்கே புகுந்து வேறெதையாவது பேசிவிடலாம். உதடு தயாராக இருந்தது. ஆனால் அந்த அறையில் ஒருவரும் அசையவில்லை. இருபத்தொரு பிள்ளைகளும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நின்றார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஒருவன் ஒற்றைக்காலில் நின்று காலை மாற்றிக்கொண்டான். ரிவர்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வாக்கியம் முடிகிறவரை நின்றார்.

"அ... அங்க நான் வ... வரலைன்னா யாரும் கே... கேக்கலை."

"ஒரு நாள்கூடவா?" என்றாள் ஒரு பெண்.

"ம்."

"நீ இல்லைன்னு நாங்க தினம் சொன்னோம்," என்றான் ஒருவன். "உங்க வீட்டைத் தாண்டி வர்றது நான்தானே. டவுன் ஸ்கூலுக்குப் போயிட்டான்னு தினம் நான்தான் சொன்னேன். ரெஜிஸ்டர்ல இப்ப உன் பேர் இல்லைன்னு டீச்சர் சொன்னாங்க, அப்பவும் சொன்னேன்."

சின்ன டீச்சர் கையைத் தட்டினார். "இரண்டாம் வகுப்பு வாசிப்பு. நகருங்க."

அவர்கள் நகர்ந்தார்கள். பட்டாணியும் நகர்ந்தாள். ரிவர்ஸ் நிலையை விட்டுக் கையை எடுத்தார். டி.சி. வாங்க டவுனுக்கு அடுத்த பஸ் ஒன்று ஐம்பதுக்கு. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. வாசல் படியில் உட்கார்ந்தார்.