கேட்டால் மட்டும் ஜெபம்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் அந்த அறை இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்துகிறது. மனசு பாரமாக இருக்கிற யாரும் வந்து பேசலாம். பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து கம்பெனியில் பேக்கிங் லைனில் நிற்கும் நானும் ஒருகாலத்தில் அங்கே போய் அழுதவள்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிறவளாக உட்காரச் சொன்னார்கள்.

பொறுப்பாளர் அம்மா நாலே விஷயம் சொல்லித்தந்தார். காது கொடு, புத்தி சொல்லாதே. பொய் பேசாதே. கேட்டது படியிறங்கக் கூடாது. மதத்தைத் திணிக்காதே, அவர்களாகக் கேட்டால் மட்டும் ஜெபம். புத்தி சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. குழம்புக்கு உப்பு முதல் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரை, தெருவில் கேட்காமலே சொல்கிறவள் நான். ஜெபத்தைப் பற்றிக் கவலையே படவில்லை. என்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

நானாக ஒரு காரியம் செய்தேன். படியேறும் முன் பொட்டை எடுத்துக் கைப்பையில் ஒட்டிவிடுவேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் போகிறவள், கழுத்தில் சின்னச் சிலுவை. அப்பா இறந்து ஒரு மாதம். அன்றைக்கு அவள் லைனில் நின்றிருக்கிறாள். போன் வழக்கம்போல லாக்கரில். அப்பாவே ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து போனைப் பார்த்தபோது அவர் இல்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை, ஒரு சொட்டு அழுகையும் வரவில்லை.

எல்லாம் சொல்லிவிட்டு, “எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா. அப்பாவ நெனச்சு நான் ஆரம்பிச்சா வார்த்தையே வரமாட்டேங்கு” என்றாள்.

வெறும் நெற்றியைப் பார்த்து ஏமாந்துவிட்டாள். மறைத்தால் பொய், சொன்னால் இருக்கிற ஆறுதலும் போய்விடுமோ?

“நான் உங்க வேதம் இல்லம்மா. ஜெபம்லாம் எனுக்குத் தெரியாது. பொறுப்பாளர் அம்மாவ இட்டாரட்டா?”

“வேண்டாம்க்கா. இன்னொரு ஆளுட்ட முதல்லேர்ந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல. நீங்களே பண்ணுங்க.”

கண்ணை மூடினேன். ‘கர்த்தரே’ என்றால் நடிப்பு, ‘பெருமாளே’ என்றால் திணிப்பு. எங்கள் வீட்டில் படையல் போடும்போது இறந்தவரிடமே நேராகப் பேசிவிடுவோம். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதுதான் வாயில் வந்தது.

“ஐயா, கோச்சிக்காதீங்க. ஒங்க பொண்ணு லைன்ல நின்னுகினு இருந்தா. போன் லாக்கர்ல இருந்துச்சி. தெரிஞ்சிருந்தா ஓடியாந்திருப்பா. ஒங்க மேல உசுரையே வெச்சிகினு கீறா.”

அவள் உடைந்து அழுதாள். நாற்காலியே ஆடுகிற அழுகை. எனக்குப் பயமாகிவிட்டது. செய்தது ஜெபமா, உளறலா? யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் அவள் கதை படியிறங்கிவிடும்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கள்ல செத்தவங்கட்ட ஜெபம் பண்ணக் கூடாதுக்கா.”

“ஐயோ, தப்பாப் பூட்ச்சாம்மா?”

“தப்புதான்” என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொரு தடவ சொல்லுங்கக்கா.”