பத்மா அக்கா தர மறுத்த தென்னங்கன்றுகள்

அம்பத்தூர் ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது குத்தம்பாக்கத்துத் தென்னை விவசாயி ஏழுமலை போன் செய்தார். "பத்மா மேடம் பூட்டாங்கம்மா. பருத்திப்பட்டுல அவங்க ஊட்டு வாசல்லதான் நின்னுகினு கீறேன்." அக்கா இறந்துவிட்டார். கதவை மறுபடி சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

குட்டைத் தென்னையின் பூவில் நெட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்த்து, சீக்கிரம் காய்க்கும் ஒட்டுக்கன்றுகளை உருவாக்குவது அந்த ஆய்வகத்தில் பத்மா அக்காவும் நானும் செய்த வேலை. கன்று ஒட்டுதானா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. இலையைக் கிள்ளி மரபணுவைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன், ஏழுமலைக்காக வளர்த்த கன்றுகளில் பாதிக்கு மேல் அந்தச் சோதனையில் தேறவில்லை. வேறு மகரந்தம் படாமலிருக்கப் பூம்பாளைக்குக் கட்டிய பையைச் சீக்கிரமே அவிழ்த்துவிட்டோம். பக்கத்துக் குட்டை மரத்தின் மகரந்தம் புகுந்துவிட்டது. அவரோ குழி வெட்டிக் காத்திருந்தார். நிலத்தை மனைக்கு விற்கத் துடித்த அண்ணனிடம், ஒட்டுத்தென்னை வரப்போகிறது என்று மல்லுக்கட்டி நிறுத்தியிருந்தார்.

"போன்ல சொல்லிடலாமே அக்கா" என்றேன்.

"ஏம்மா, திட்டு வாங்கப் பயமா? ஏறு வண்டியில" என்றார்.

குத்தம்பாக்கத்தில் விஷயத்தைக் கேட்டதும் ஏழுமலை கொதித்துவிட்டார். "இன்னா மேடம், வெளாடுறியா? எங்கண்ணன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?" அவர் ஓய்ந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தார். "தப்பு எங்களோடது. சந்தேகமான கன்னு ஒண்ணுகூடத் தர மாட்டேன். தேறினதை இப்ப நடுங்க. மிச்சக் குழிக்கு மறுபடி ஒட்டுக்கட்டித் தரேன், ரெண்டு வருஷம் ஆகும். உங்க அண்ணனைக் கூப்பிடுங்க, அவர்கிட்டயும் நானே சொல்றேன்."

அண்ணனும் வந்து தன் பங்குக்குத் திட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பும் வழியில், பூந்தமல்லி நெரிசலில், அக்கா சொன்னார்: "வருஷக்கணக்கா மரத்துக்குக் காத்திருக்கப் போறவங்கம்மா. நாம கொஞ்ச நேரம் நின்னு திட்டு வாங்கினா குறைஞ்சா போயிடுவோம்?" அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

நிலம் விற்கப்படவில்லை. சொன்னபடியே மிச்சக் கன்றுகளும் போய்ச் சேர்ந்தன. இன்று எல்லாம் காய்க்கின்றன. அக்காவை எடுத்துச் சென்ற அன்று அண்ணன் தம்பி இருவருமே தோள் கொடுத்தார்கள்.

மரபியலைப் புத்தகத்திலிருந்தும் படித்திருப்பேன். இதை யார் எனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள்? நேற்று வேறொரு விவசாயியின் கன்றுகள் சோதனையில் தேறவில்லை. நேரில் போனேன். அந்தப் பெரியவர் திட்டித் தீர்க்கும்வரை நின்று கேட்டேன்.

கடைசியில் அவர், "சரி வுடு. நீ பத்மா மேடத்தோட ஆளாச்சே. எப்போ கன்னோட வர்றே, அதச் சொல்லு" என்றார்.

ஆமாம் ஐயா. நான் பத்மா அக்காவின் ஆள்.