சஃபீனா லாத்தாவின் நாலாவது இடம்

"எத்தனாவதா வந்தீங்க, லாத்தா?" என்று கேட்டேன். தாய்லாந்தில் சைக்கிள் சாலைப் பந்தயம் முடிந்து, சஃபீனா லாத்தா மும்பையில் எங்கள் சீத்தா கேம்ப்புக்குத் திரும்பிய நாள் அது.

"முப்பத்தெட்டாவது."

பக்கத்து வீட்டு ஷகீல் மாமா விடவில்லை. "ஏளா, பிளேன் ஏறிப் போயி முப்பத்தெட்டா? அதுக்கு வாஷி பிரிட்ஜ்லயே மிதிச்சிருக்கலாமே!"

"அங்க உங்க ஸ்கூட்டரத்தான் டெய்லி முந்துறேனே, மாமா."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். "அப்புறம் உங்க டீமுக்கு மெடல்னு சொன்னாங்களே, அது எப்படி வந்துச்சு?" என்றேன்.

"அது எங்க டீம் விசாலாக்ஷிக்கு. எதிர்காத்த முன்னால போறவ வாங்கிக்கிட்டா, பின்னாடி வர்றவளுக்குக் காலு மிச்சம். கடைசில அவ பாஞ்சிருவா, எனக்குத் தெம்பு இருக்காது. டீம்ல அதான் என் டியூட்டி."

"உங்களுக்கு ஜெயிக்க ஆசை இல்லையா?"

"ஏன் இல்ல? ஒரு ரேஸாவது எனக்குன்னு ஓட்டணும்."

லாத்தாவின் வாப்பா பை தைப்பவர். தைத்த பைகளை கேரியரில் கட்டி, செம்பூர் நெரிசலுக்குள் தாராவிவரை கொண்டுபோனவர் லாத்தா. அந்தக் கால்கள்தான் பள்ளிப் போட்டியில் தேர்வாளர்களின் கண்ணில் பட்டன.

புனேயில், வெலோட்ரோம் என்னும் சரிவான வட்டத் தடத்தில் பயிற்சி. அங்கே ஓட்டும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். முதல் நாள், சாலைப் பழக்கத்தில் காலை நிறுத்தினார். சைக்கிள் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியதும் அதே சைக்கிளில் ஏறினார். பிறகு கொரியாவில் நால்வர் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அந்தப் போட்டியில் மூன்றாவதாகக் கோட்டைத் தொடுபவரின் நேரம்தான் கணக்கு. ஆகவே ஒருவர் தன் பலம் முழுவதையும் முன்னால் நின்று செலவழித்துவிட்டு விலகிக்கொள்ளலாம். பெரும்பாலும் விலகியவர் லாத்தா.

பந்தயங்களிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தனக்கென்று ஒரு ரேஸ் வேண்டும் என்று கோச்சிடம் நேராகவே கேட்டார். மலேசியாவில் ஒரு சாலைப் பந்தயத்துக்கு அவர் சம்மதித்தார். மாட்டுங்காவில் வளர்ந்த விசாலாக்ஷிதான் அன்று முன்னால் போனார். "என் பின்னாடியே ஒட்டிண்டு வா, சஃபீ. காத்த நான் பாத்துக்கறேன்."

கடைசி ஏற்றத்தில் லாத்தா தனியாகப் பாய்ந்தார். மூன்று பேர் அவரை முந்தினார்கள். மூன்றாவது ஆளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சக்கர தூரம்கூட இல்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாலையோரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது ரயில்வேயில் வேலை, ஆபீசுக்கும் சைக்கிள்தான். எங்கள் மன்ற மலருக்கு அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, முகம் சட்டென்று கடுமையானது.

"தியாகம், விட்டுக்கொடுத்தேன், அப்பிடில்லாம் எழுதிராத, புள்ள. நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. காத்து வாங்குறது வேல, அதச் சுத்தமாச் செஞ்சேன். மலேசியால வந்த நாலாவது மட்டும் எனக்காக ஓட்டுனது. அத மொதல்ல போடு."