பஸ் போகிற ரோட்டில் பந்தல் கூடாது

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ரோடுகளுக்கும் அந்தஸ்து உண்டு. டபுள் ரோடு ஆபீசர், மெயின் ரோடு பர்மனன்ட், குறுக்குத் தெரு கான்ட்ராக்ட். டபுள் ரோட்டில் கார்கள் போகும், மெயின் ரோட்டில் ஷிஃப்ட் பஸ் போகும், குறுக்குத் தெருவில் குப்பை வண்டி வரும், மற்ற நேரத்தில் கிரிக்கெட் நடக்கும். எங்கள் குவார்ட்டர்ஸ் மூலை வீடு. வாசல் மெயின் ரோட்டைப் பார்த்திருக்கும், கொல்லைக் கதவு குறுக்குத் தெருவில் திறக்கும். அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைக்கும்வரை இதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

வாசலில் பந்தல் போட அப்பா அனுமதி கேட்கப் போனார். சுரங்கத்தில் அத்தனை இரைச்சலுக்கு மேல் கத்துகிறவருக்கு, ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்றால் மட்டும் குரல் பாதியாகிவிடும்.

"பஸ் போற ரோட்டுல பந்தல் போட முடியாதுங்க. கிராஸ் ரோடு எதுக்கு இருக்கு? அங்க போட்டுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.

அம்மா கொதித்தாள். "சம்பந்தி வூட்டாரக் கொல்லை வழியா கூப்புடறதா? எம்பொண்ணு அங்க போயி காலத்துக்கும் இந்தப் பேச்சத்தான் கேட்டுக்கினு இருக்கணும்."

அவள் பயந்ததில் தப்பில்லை. விசேஷ வீட்டுச் சாப்பாட்டை மறப்பார்கள், குறையை மறக்க மாட்டார்கள். எனக்கோ ஆத்திரம். எப்போதோ ஒரு பஸ், மிச்ச நேரமெல்லாம் நாய் படுத்துக் கிடக்கும் ரோடு அது!

நிச்சயதார்த்தத்தன்று காலை குறுக்குத் தெருவிலேயே பந்தல் போட்டு, கொல்லையில் துணிக்கொடியை அவிழ்த்தோம். பாத்திரம் துலக்கும் தொட்டியை மறைத்து வாழைமரம் கட்டினோம். குள்ளஞ்சாவடியிலிருந்து வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அத்தை, நேராகப் போய் வாழைமரத்துக்குப் பின்னால்தான் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, சம்பந்தம் பண்ண வந்தவங்கள கொல்லைப்பக்கமா கூப்புடறீங்க?"

அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. அக்கா கண்ணைத் துடைத்ததில் மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

எப்படியோ தட்டு மாற்றி, பந்தலில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. ரெண்டாம் ஷிஃப்ட் பஸ், ஜன்னலுக்கு ஜன்னல் தலையாக, குறுக்குத் தெருவுக்குள் நுழைந்து பந்தல்காலில் முட்டாத குறையாக நின்றது.

"மெயின் ரோட்டுல தண்ணி பைப்பு ஒடைஞ்சி பள்ளமாயிடுச்சுண்ணே. இப்பிடிப் போகச் சொல்லிட்டாங்க" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. பந்தலைப் பிரிக்கக் கயிற்றில் கை வைத்துவிட்டார்.

அத்தை இலையை விட்டு எழவில்லை. சாம்பார் சோறு பிசைந்த கையை பஸ்ஸை நோக்கி நீட்டினார். "யோவ்! வாசல்ல பந்தல் போட்டு எங்க வூட்டு நிச்சயம் நடந்துக்கினு இருக்குது, கண்ணு தெரியல? பின்னால எடுய்யா வண்டிய!"

அப்பா கயிற்றை விட்டார். பஸ் பின்னுக்குப் போயிற்று.

வடைத் தட்டோடு வந்த அம்மா, 'வாசல்' என்ற சொல் காதில் விழுந்ததும் அப்படியே நின்றாள். பிறகு நேராக அத்தையிடம் போய், அவர் போதும் போதும் என்று இலையை மறைக்க மறைக்க, இன்னும் ரெண்டு வடை வைத்தாள்.