பன்னிரண்டு வயது அப்பா

என் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்போது அமெரிக்கா அவரைச் சின்னப்பிள்ளை என்று சொன்னது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த இன்டர்நெட் கடையில் அது நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்து நானே பார்த்தேன்.

அப்பா தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி, வேலையாட்களை மேற்பார்ப்பவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஆசிரியை ஆகியிருந்தேன். ஒருநாள் அப்பாவுக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு எங்கள் சனத்தைப் பங்கு பிரித்தபோது, அத்தை குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. தாத்தா இறந்துவிட்டதால் அப்பாதான் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டுத் தம்பியை அனுப்பிவைத்தார். அந்தக் கையெழுத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது.

பிறகு நாங்கள் தோட்டம் மாறினோம், அவர்கள் ஊர் மாறினார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு சேதியும் இல்லை. கடிதம் மூன்று தோட்டங்களைச் சுற்றி, மூலையெல்லாம் கிழிந்து வந்து சேர்ந்தது. குன்னூர் வீட்டைக் காலிபண்ணுவதாகவும், அண்ணன் உயிரோடு இருந்தால் தன் மகனுடைய ஈமெயிலுக்கு உடனே பதில் போடவேண்டும் என்றும் எழுதியிருந்தார். 'உயிரோடு இருந்தால்' என்ற இடத்தை அப்பா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினோம். கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா கணினி முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு ஈமெயில் கணக்குத் திறக்க முதலில் பெயர் கேட்டது, போட்டேன். அடுத்துப் பிறந்த தேதி கேட்டது. சனியன் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அப்பா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் பிறந்தவர், அவ்வளவுதான். யாரும் பதியவில்லை. அவரிடம் இருந்த ஒரே உருப்படியான காகிதம் பிரஜாவுரிமைச் சான்றிதழ். நாற்பது வயதுக்கு மேல்தான் அது கிடைத்தது. அதற்கு முன்னால், ஒரு காகிதத்தில் ஒரு தேதியும் இன்னொன்றில் வேறு தேதியும் இருக்கிறது என்று இரண்டு தடவை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சூடு கண்ட பூனை, சான்றிதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து எந்தப் படிவம் எந்தத் தேதி கேட்டாலும் அதிலிருந்த ஒரே தேதியை, அதாவது அதை வழங்கிய தேதியையே கொடுத்து வந்தது.

"பொறந்த தேதி கேக்குதுப்பா. குத்துமதிப்பா ஒன்னு போட்டுரவா?" என்று கேட்டேன்.

"குத்துமதிப்பா போட்டா தள்ளிருவாங்க. இதுல உள்ளதைப் போடு." லேமினேட் செய்த சான்றிதழை விசைப்பலகை மேல் வைத்தார்.

நான் வாதாடியிருக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் போட்டுத் தொலைத்தேன். உங்களுக்கு வயது பதின்மூன்று ஆகவில்லை, உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் மிக அன்பாக எழுதி வந்தது. வாசித்துச் சொன்னேன்.

"எங்கப்பா செத்து முப்பது வருஷமாச்சு" என்றார் அப்பா, கணினியைப் பார்த்து.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. "அது அமெரிக்கச் சட்டம் ஐயா. சின்னப் பிள்ளையள் எண்டால் தாய் தகப்பன் சம்மதிக்க வேணும்."

"நான் பதுளையில ஒக்காந்திருக்கேங்க."

"கொம்பனி அங்கதானே இருக்கு. நீங்கள் எங்க இருந்தாலும் அந்தச் சட்டம்தான்."

"அப்ப நம்ம அரசாங்கம்?"

"அவைக்கு இது நடக்கிறதே தெரியாது."

"சரிங்க, இதுக்கெல்லாம் தொரை யாரு? அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்பிடி ஒருத்தரும் இல்லை ஐயா. இன்டர்நெட்டில பேர் குடுக்க ஒரு சபை, கம்பி இழுக்க ஒரு கொம்பனி, சட்டத்துக்கு அந்தந்த நாடு. எல்லாரும் சேர்ந்து எப்பிடியோ ஓடுது."

"தொரை இல்லாம தோட்டம் ஓடுமா?" என்றார் அப்பா. இதே கேள்விக்காகப் பல நாட்டுப் பெரிய மனிதர்கள் மாநாடு கூட்டுகிறார்கள் என்று பின்னாளில் பேப்பரில் படித்தேன். பதில் கிடைத்ததாகப் படிக்கவில்லை.

வேறு கணினியில் வேறு தேதி போடலாம் என்றார் கடைக்காரர். அப்பா சம்மதிக்கவில்லை. என் பெயரில் கணக்குத் திறக்கிறேன் என்றேன். "ஒன் பேர்ல போனா நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிருவான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அங்கே ஒரு மனிதர் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு, அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறார். இங்கே இவர் தேதிக்கு விரதம் இருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு கடிதத்தோடு வந்தார். தோட்டத்துத் துரையே ஆங்கிலத்தில் டைப் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். 'இதைக் கொண்டுவருபவர் குழந்தை அல்ல என உறுதிப்படுத்துகிறேன்.' அதைக் கணினித் திரைக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு அப்பா காத்திருந்தார். கடைக்காரர் மேசைக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டார்.

வெகுநேரம் தேடிவிட்டு, சிவந்த முகத்தோடு எழுந்து சொன்னார்: "ஐயா, தகப்பன்தான் எண்டில்லை. கார்டியனும் போதும். அவரின்ர ஈமெயிலுக்குக் கேட்டு அனுப்புவினம். அவர் ஓம் எண்டால் சரி."

எங்களுக்கு உலகத்தில் தெரிந்த ஈமெயில் ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி எனக்குப் பன்னெண்டு வயசு எளையவன்" என்றார் அப்பா. பிறகு கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "போடு" என்றார்.

அந்த வாரம் முழுக்க அப்பா வழக்கம்போல மலைக்கு வேலைக்குப் போய் வந்தார். மூன்றாவது சனிக்கிழமை கணக்குத் திறந்தது. உள்ளே ஒரே ஒரு கடிதம், ஆங்கில எழுத்தில் தமிழ். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"அண்ணே, ஒனக்குப் பன்னெண்டு வயசாம், நான் ஒன்னைப் பாத்துக்குவேனான்னு அமெரிக்காக்காரன் கேட்டான். பாத்துக்குவேன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு நான் போறதுக்கு நீ கையெழுத்துப் போட்ட. இன்னைக்கு நீ வர்றதுக்கு நான் போட்டிருக்கேன். ஒன் மேல எனக்குக் கோவமே இல்லண்ணே."

அப்பா கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. கடைக்காரர் மறுபடியும் மேசைக்கு அடியில் போனார்.

"எழுதும்மா" என்றார் அப்பா. "நான் இருக்கேன்னு எழுது. கீழ தேதியும் போடு."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். "எந்தத் தேதிப்பா?"

"இன்னைக்குத் தேதிதான்" என்றார்.