அது டிப்ளோமா இல்லை, தங்கச்சி

ஐந்து வருடங்களுக்கு முன், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதம் இது நடந்தது. நகரின் பென்ரோஸ் பகுதியில், பிஸ்கட், பால் பவுடர் போன்றவற்றைப் பாக்கெட் போடும் இயந்திரங்களைச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அப்போது எங்களுக்கு ஒரு டிசைன் இன்ஜினியர் தேவைப்பட்டார். டிகிரி கட்டாயம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வந்து குவிந்த விண்ணப்பங்களைச் சலித்து, ஆறு பேரை மட்டும் அவருக்கு அனுப்புவது என் பொறுப்பு.

அந்தக் குவியலில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர். இளவயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கேயே படித்து, பதினைந்து வருடம் வேலையும் பார்த்தவர். மனைவிக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்ததால், பள்ளிக்கூடம் போகிற மகளோடு குடும்பமாக வந்திருந்தார்கள். படிப்பு என்ற இடத்தில் 'டிப்ளோம்' என்று போட்டு, ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதியிருந்தார்.

நான் திருச்சிக்காரி. எங்கள் ஊரில் டிப்ளோமா என்றால், பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் படிக்கிற மூன்று வருடப் படிப்பு. அதைத்தான் ஜெர்மன்காரர்கள் இப்படி எழுதுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அவரைக் கழித்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆனாலும் நம் ஆள் ஆயிற்றே என்று மனசு கேட்கவில்லை. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் இடம் ஒன்று காலியாக இருந்தது. போன் செய்து அதைச் சொன்னேன். ஏதோ பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு.

"அது டிப்ளோமா இல்லை, தங்கச்சி," என்றார். "யூனிவர்சிட்டியில அஞ்சு வருசப் படிப்பு. இப்ப அங்கயும் பேச்சிலர், மாஸ்டர் எண்டு மாத்திப்போட்டாங்கள். அதுக்கு முந்தி இதுதான் பட்டம். மாஸ்டருக்குச் சமன்."

வேலை தேடுகிறவர்கள் தங்கள் படிப்பைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வது எனக்குப் பழகிப்போன விஷயம். இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

"ஆமாண்ணா, புரியுது. ஆனா சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் பார்க்க முடியும். இந்த வேலை வேணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க."

சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஓம், வாறன்" என்றார்.

இன்ஜினியர் வேலைக்கு ஓர் இளைஞரை எடுத்தோம். புது வரைபடம் ஒன்று தயாரானால் போதும், அவர் அதைத் தூக்கிக்கொண்டு கீழே டெக்னீஷியன்கள் இருக்கும் இடத்துக்கு இறங்கிப் போவார். நீல ஓவரால் போட்ட நம்மவர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, பென்சிலால் ஓரிடத்தில் சுழித்துக் காட்டுவார். இளைஞர் தலையாட்டிக்கொண்டு திரும்பி வருவார். மாடியில் என் ஜன்னல் வழியாக இரண்டு வருடம் இதைப் பார்த்தேன். அனுபவசாலி, பரவாயில்லையே என்று தோன்றியதே தவிர, அதற்கு மேல் ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய இயந்திரம் வாங்கினோம். அதைப் பொருத்திக் கொடுக்க அங்கிருந்து ஓர் இன்ஜினியர் வந்து ஒரு வாரம் தங்கினார். இரண்டாம் நாளே இருவரும் ஜெர்மன் மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அந்த ஜெர்மன்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். இவ்வளவு படித்தவரை ஏன் ஸ்பானர் பிடிக்க விட்டிருக்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் டிப்ளோமாதானே என்று இழுத்தேன். ஜெர்மன்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவருடைய அப்பாவுக்கும் அதே பட்டம்தானாம். அவர்கள் ஊரில் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்களாம். முடிக்க முடியாமல் பாதியில் விட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர் என்றார். புது முறை வந்தபோது, பழைய பட்டத்தை ஒழிக்கக் கூடாது என்று பேராசிரியர்களே சண்டை போட்டார்களாம்.

மேலே வந்து கம்ப்யூட்டரில் தேடினேன். பத்து நிமிடம்தான் ஆனது. ஐந்து வருடம், கடைசியில் ஓர் ஆய்வேடு, மாஸ்டருக்குச் சமம். அவர் போனில் சொன்னது அப்படியே இருந்தது.

கீழே போனேன். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிரவில்லை.

"அண்டைக்கே சொன்னனான்தானே, தங்கச்சி. நான் சொல்லேக்க நீங்கள் நம்பேல்லை. வெள்ளைக்காரன் சொன்ன உடன நம்பிட்டீங்கள்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க அன்னைக்கே என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"அகதி முகாமில இருந்து பாசை படிச்சு, ரெஸ்டோரன்ட்டில கோப்பை கழுவிக்கழுவி எடுத்த பட்டம். ஒவ்வொரு நாட்டிலயும் நிண்டு அதை நிரூபிக்க எனக்கு ஏலாமல் போச்சு."

மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'இவருடைய படிப்பைப் பற்றிப் புதிய விவரம் கிடைத்திருக்கிறது' என்று தொடங்கினேன். அது புதிய விவரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். இப்போது காலியிடம் இல்லை, அடுத்த முறை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவர் வெளியே முயன்று பார்த்தார். ஆனால் கடைசி இரண்டு வருடம் டெக்னீஷியனாக இருந்த ஒருவரை இன்ஜினியர் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் குத்திய முத்திரை அவரோடு கூடவே போனது. ஆறு மாதம் கழித்து, ஜெர்மனியில் தன் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டார். மனைவிக்கு இங்கே நிரந்தர வேலை, மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அவர்கள் இங்கேயே தங்கிவிட, அவர் தனியாகத்தான் போனார்.

போன மாதம் இங்கே மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு மளிகைக் கடையில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் வளர்ந்த மகள். நம்மவரின் மனைவி என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கணவருக்குக் கம்பெனியில் விடைகொடுத்த அன்று எடுத்த போட்டோவில் என்னைப் பார்த்திருந்தாராம்.

"நீங்கள்தானே அக்கா இவருக்கு இங்க முதல் வேலை எடுத்துக் குடுத்தது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரும் திரும்பிப் பாக்காத நேரம் நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள் எண்டு எப்பவும் சொல்லுவார்."

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்ல வேலையாம். வருடத்துக்கு ஒரு முறை வருவாராம். மற்ற நாட்களில் வீடியோவில்தான் என்று சிரித்தார். மகள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அம்மாவை அவசரப்படுத்தினாள்.

அந்த நிமிடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் பழக்கமில்லாத பட்டம் ஒன்றைக் கண்டால் தேடிப் பார்க்காமல் தாண்டுவதில்லை. ஆனால் அன்று அந்தப் பத்து நிமிடத்தை ஒரு மனிதருக்குக் கொடுக்காமல் போனதற்கு, அவர் வீட்டார் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.