பாவு அறுந்த பழி

மருமகள் சேலைக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். அந்த வாசனை வந்தாலே பெரியப்பா மேல் எனக்கு ஆத்திரம் பொங்கும்.

வெள்ளைக்காரன் காலம், எனக்கு ஏழு வயது. ராசிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெரு நெடுக விடியலில், தறியில் ஏற்றும் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அதைப் பெண்பிள்ளை தாண்டினால் ஆகாதாம். அன்று கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சியவர் பெரியப்பாதான். நூல் ஒட்டிக்கொண்டு படபடவென்று அறுந்தது. பள்ளிக்கூடம் கிளம்பிய என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இவ தாண்டித்தான் அறுந்துது! இனி இவளுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது."

"நான் அடியில குனிஞ்சுதானுங்க போனேன், பெரியப்பா!"

அப்பா அறுந்த இழைகளை முடிச்சுப் போடக் குனிந்துகொண்டார். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது.

"உட்டுத் தள்ளுங்க அத்தை, எந்தக் காலத்துக் கதை!" என்கிறாள் மருமகள்.

மன்னிக்கமாட்டேன். ஆனால் செத்துப்போன மனுஷனுக்கு என் நெஞ்சில் இத்தனை வருஷம் இலை போட்டது போதும். இன்று அவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டேன்.